தவணைக்கு வந்த பிரசாதம்

ரேவதிக்கு ஒருவரைப் பிடிக்காமல் போய்விட்டால் அவளுடைய கீழுதடு இடப்பக்கமாக லேசாக இழுக்கும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த உதடே போதும். வேங்கிக்காலில் அவள் குடியிருந்த தெருவில் அதற்குத் தப்பியவர்கள் குறைவு. வாசலில் காரை நிறுத்திவிட்டு ஆட்டோவில் வேலைக்குப் போகும் அதிகாரி, கட்டி முடிக்காத வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டியவர், மகளைக் கான்வென்ட்டில் சேர்த்த அன்றே வீட்டிலும் இங்கிலீஷ் பேச ஆரம்பித்த பால்காரர் என்று எல்லோருக்கும் அது ஒரு முறையாவது கிடைத்திருக்கிறது.

“ஒரு நாளைக்கு உன் ஒதடு அப்டியே நின்னுடப் போவுது பாரு” என்பான் அவள் கணவன் குமரேசன். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அவனுக்கு யார் மேலும் கோபம் கிடையாது. அதனாலேயே அவனுக்கும் அந்த உதடு அடிக்கடி கிடைத்தது.

அவள் பிறந்தது கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில். கொல்லையில் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கி, உரித்து, விரல் நுனி கறுத்துப்போய் வளர்ந்த பெண். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்ததும் ஸ்டூடியோக்காரனிடமிருந்த கறுப்பு அங்கியைப் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அப்பா அதைச் சட்டம் போட்டுச் சாமி படங்களின் வரிசையில் மாட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ரேவதி முதலில் சிரித்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்து, மறுபடியும் புதுப்பித்து ஒன்றும் வராமல் போன பிறகு அந்தக் குங்குமத்தைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. குங்குமம் வைத்துவிட்டால் ஒரு பொருளை யாரும் கேள்வி கேட்பதில்லை, உபயோகப்படுத்துவதும் இல்லை என்பது அவள் கண்டுபிடித்த பொருளாதாரம். பாடப்புத்தகத்தில் அது கிடையாது.

கல்யாணமாகி வேங்கிக்கால் வந்த பின், மகளிர் குழுக்கள் பெருகிய காலத்தில், தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். முல்லை மகளிர் குழு என்று பெயர். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் ரேவதியை ஊக்குநராக வைத்தார்கள். சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாங்கில் மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். குழுவில் மூத்தவளான காசியம்மாள் எதற்கும், “ரேவதி சொல்லட்டும். அது படிச்சது” என்பாள். ரேவதி இதற்கு உதட்டை இழுக்கவில்லை. இரவில் படுத்துக்கொண்டு அந்த வார்த்தையை இன்னொரு முறை கேட்டுக்கொள்வாள். தனக்கு வேலையில்லை, பணமில்லை; இந்த ஒரு பேச்சு மட்டும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

வேங்கிக்காலில் தண்ணீர் அப்போது பெரிய தலைவலி. போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குடத்தின் உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். குழாய்த் தண்ணீர் வரும், வந்தால் வந்ததுதான். இந்தத் தலைவலிக்கு மருந்து விற்க ராஜேந்திரன் வந்தான்.

ராஜேந்திரன் ஒரு காலத்தில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவன். பிறகு ரத்தக்கொதிப்புக்குக் காந்த வளையல் விற்றான். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டம் வருடா வருடம் பெருகியபோது அவன் நெற்றியில் பட்டை ஏறியது. அவனுக்குப் பக்தி வந்ததா கூட்டம் வந்ததா என்று கேட்டால், அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் கொண்டுவந்த ஃபில்டரின் பெயர் ‘கிரிதீர்த்தா’. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் டப்பா. மேலே கூழாங்கல், நடுவில் கரித்தூள், ஒரு வெள்ளைத்துணி, அடியில் ஒரு குழாய். டப்பாவின் மேல் மலைப் படம். படத்துக்குக் கீழே, ‘நூற்றுக்கு நூறு கிருமி நீக்கம்.’

கல்யாண மண்டபத்தில் மகளிர் குழுக்களைக் கூட்டி மேடை போட்டான். “மலையை ஒரு தடவை சுத்தி வந்தாலே பாவம் போவுது. அந்த மலைக்கல்லை இந்தத் தண்ணி சுத்தி சுத்தி வருது. கிருமி நிக்குமா?” என்று மைக்கில் கேட்டான். கைதட்டல் விழுந்தது. பிறகு, “இந்தக் கூட்டத்துல பட்டதாரி சகோதரி யாராச்சும் இருக்கீங்களா?” என்றான்.

காசியம்மாள் ரேவதியின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். ரேவதி மேடை ஏறினாள். சில்வர் டம்ளரில் கொடுத்ததைக் குடித்தாள். சில்லென்றிருந்தது. முந்நூறு பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளில் முதல் முறையாக யாரோ மைக்கை அவள் பக்கம் நீட்டினார்கள்.

“நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்கே முல்லைக் குழு மொத்தமும் தவணைக்கு ஃபில்டர் எடுத்தது. “கல்லை மட்டும் கழுவாதீங்க. சக்தி போயிடும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கற்பூரம் காட்டினா போதும்” என்று சொல்லி ஆளுக்கொரு ரசீது கொடுத்தான் ராஜேந்திரன். யாரும் அதைப் படிக்கவில்லை. பட்டதாரியும் படிக்கவில்லை.

தெருவில் எல்லா வீட்டிலும் கிரிதீர்த்தாவுக்கு மூன்று பட்டை, நடுவில் குங்குமம். பொன்னி வீட்டில் சின்னதாக ஒரு கதம்ப மாலை. பொன்னி சித்தாள் வேலைக்குப் போகிறவள், குழுவில் இளையவள். அவள் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வயிற்றால் போனது. அடுத்து காசியம்மாளுக்கு. அடுத்த வாரம் குமரேசனே கடையைப் பூட்டிவிட்டு வந்து படுத்தான்.

ரேவதி ஒரு மத்தியானம் தன் வீட்டு ஃபில்டருக்குள் கையை விட்டாள். கல் வழுவழுவென்றிருந்தது. முகர்ந்து பார்த்தாள். குளத்துப் படிக்கட்டு வாசனை. அன்றைக்கே குடிநீர் சோதனைக்கூடத்துக்குப் போய், அவர்கள் கொடுத்த பாட்டிலில் குழாய்த் தண்ணீரைத் தனியாகவும், ஃபில்டர் தண்ணீரைத் தனியாகவும் பிடித்துக் கொடுத்தாள். சில நாள் கழித்து முடிவு வந்தது. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். கிரிதீர்த்தாவுக்குள் போய் வந்த அதே தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ராஜேந்திரன் கடைக்குப் போனாள். அவன் அதை வாங்கவேயில்லை.

“சகோதரி, நம்பிக்கை இல்லாதவங்க கையில தீர்த்தமே வெறும் தண்ணிதான்.”

“பணத்தைத் திருப்பிக் குடுங்க. எல்லாருக்கும்.”

“எந்தப் பணம்? ரசீதைப் பாருங்க. கிரிதீர்த்தா அறக்கட்டளைக்கு நன்கொடை. நீங்க நன்கொடை குடுத்தீங்க. நாங்க பிரசாதம் குடுத்தோம். நான் வியாபாரியே கெடையாதே!”

ரேவதியின் உதடு இழுத்தது. ஆனால் வெளியே வந்து ரசீதைப் பார்த்தபோது, அந்த உதடு யாருக்காக என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரசீதில் நன்கொடை என்றுதான் அச்சடித்திருந்தது. வாங்கிய அன்றைக்கும் அதே எழுத்துதான் இருந்தது. மூன்று வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து படித்த படிப்பு, ஒரு மைக்கைப் பார்த்ததும் எங்கே போயிற்று?

நூலகத்தில் நுகர்வோர் சட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம், ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து போகலாம் என்று அதில் படித்தபோது மனம் குதித்தது. அடுத்த பக்கத்தில் சப்பென்று ஆகிவிட்டது. விலை கொடுத்து வாங்கியவர்தான் நுகர்வோர். சும்மா கிடைத்ததற்கு அந்தச் சட்டம் வராது. அத்தோடு, பொருளில் குறை இருக்கிறது என்றால் அந்தப் பொருளையே ஒப்படைக்க வேண்டும். நுகர்வோர் மன்றம் அதற்கு முத்திரை வைத்துச் சோதனைக்கு அனுப்பும்.

அவள் உள்ளே கையை விட்டுக் கல்லைக் கலைத்த ஃபில்டர் இனி உதவாது. கலைக்காத ஒன்று வேண்டும். குழுவைக் கூட்டினாள்.

“கோர்ட்டுக்கா?” என்றாள் பொன்னி. “யக்கா, சாமியைக் கூண்டுல ஏத்தச் சொல்றியா? மாலை போட்டு வெச்சிருக்கேன்.”

“அது சாமி இல்லடி. டப்பா.”

“மலைக்கல்லு உள்ள கீது இல்ல?” என்றாள் காசியம்மாள். “வயித்தால போனா இன்னா? உடம்புல இருந்த கெட்டதெல்லாம் போயிருக்கும். ராஜேந்திரன் தம்பி அப்டித்தான் சொல்லிச்சு.”

“உனக்கு நாலு நாளா எழுந்து நிக்க முடியல பெரியம்மா.”

“ஜாஸ்தி கெட்டது இருந்திருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “மேடையில குடிச்சிட்டு நல்லாக்கீதுன்னு சொன்னது யாரு? இப்ப நல்லா இல்லன்னு சொல்றது யாரு? ரெண்டுல எத்த நம்புறது?” என்றது.

அது ரேவதியைத் தைத்தது. அவளிடம் இருந்ததே அந்த ஒரு பேச்சு. அதைத்தான் முந்நூறு பேர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்து குமரேசனிடம், “இதுங்களுக்கெல்லாம் நல்லது செய்யப் போனேன் பாரு. மூடக் கூட்டம்” என்றாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த குமரேசன், “அந்தக் கூட்டத்துல நீதான் மொதல்ல குடிச்ச” என்றான்.

இப்படியே கிடந்திருக்கும் அந்த விஷயம். கெடுத்தவன் ராஜேந்திரன்தான்.

காசியம்மாள் உடம்பு சரியில்லாமல் பூ கட்டப் போகாததால் அந்த மாதத் தவணை கட்டவில்லை. ஒரு காலை ராஜேந்திரனுடைய ஆள் ஒருவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். காசியம்மாள் அவன் காலில் விழாத குறையாகத் தவணை கேட்டாள், அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவதாகச் சொன்னாள். அவன் நேரே உள்ளே போனான். செருப்புக் காலோடு போனான். சாமி அலமாரியில், முருகன் படத்துக்கும் அகல் விளக்குக்கும் நடுவில் இருந்த கிரிதீர்த்தாவைத் தூக்கிக்கொண்டு வந்து, இருந்த தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தான். பூவைப் பிய்த்துப் போட்டான். டப்பாவின் நெற்றியிலிருந்த குங்குமத்தைத் தன் லுங்கி முனையால் துடைத்தான். அடுத்த ஆளுக்குப் புதுசாக விற்க வேண்டுமே!

தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

“டேய், அது சாமிடா!” என்று காசியம்மாள் கத்தினாள்.

“சாமின்னா மாசத் தவணை கட்டும்மா” என்றான் அவன். ஆட்டோ போய்விட்டது.

வயிற்றுப்போக்குக்கு வராத கோபம் அந்தத் தெருவுக்கு அப்போது வந்தது. ரேவதியின் உதடு அன்றைக்கு எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் தவித்தது. பிள்ளைகள் படுத்தபோது வாய் திறக்காதவர்கள், குங்குமத்தைத் துடைத்துவிட்டான் என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். சீ என்றிருந்தது. ஆனால் அவளுக்கு அந்த ‘சீ’யை அனுபவிக்க நேரமில்லை. நூலகப் புத்தகத்தில் படித்த ஒரு வரி சட்டென்று நினைவுக்கு வந்தது. முழு விலை கொடுத்திருந்தாலும், பாதி கொடுத்திருந்தாலும், தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாலும் அவர் நுகர்வோர். தவணை கட்டவில்லையென்று பொருளைத் தூக்கிப் போக ஆள் அனுப்பியவன் வியாபாரிதான்.

சாயங்காலம் பொன்னி தானே வந்தாள். மாலையைக் கழற்றிவிட்டு, தன் கிரிதீர்த்தாவைச் சேலை முந்தானையில் சுற்றிக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“எடுத்துக்க யக்கா. கல்லை நான் தொடல. கூண்டுல ஏத்து அவன.”

வழக்கு நடந்தது. தள்ளிப்போனது, மறுபடி நடந்தது. மன்றத்தில் தலைவரும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்க, ராஜேந்திரனுடைய வக்கீல் எழுந்து அறக்கட்டளை, நன்கொடை, பிரசாதம் என்று அழகாகப் பேசினார். கோயிலில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவன் உப்புக் குறைவென்று வழக்குப் போட முடியுமா என்று கேட்டார். ராஜேந்திரன் கைகூப்பி நின்றான். பட்டை அன்றைக்கு வழக்கத்தைவிட அகலம்.

ரேவதியைப் பேசச் சொன்னார்கள். மேடையில் மைக்கின் முன் நின்றது நினைவுக்கு வந்தது. பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அதில் பாதி மறந்துவிட்டது. சட்டென்று காசியம்மாளைக் காட்டினாள்.

“ஐயா, இவங்க வீட்டுச் சாமி அலமாரியில இருந்து ராஜேந்திரனோட ஆள் வந்து கிரிதீர்த்தாவைத் தூக்கிட்டுப் போனாரு. ஒரு மாசத் தவணை கட்டலன்னு. தெருவே பார்த்துச்சு. பிரசாதத்தைத் தவணை கட்டலன்னு எந்தக் கோயில்ல ஐயா திருப்பிப் புடுங்குவாங்க? சாப்பிட்ட பொங்கலை வாந்தி எடுக்கச் சொல்லுவாங்களா?”

மன்றத்தில் சிரிப்பு. தலைவர் சிரிக்காமல் ராஜேந்திரனைப் பார்த்தார்.

“தூக்கிட்டு வந்தது உண்மையா?”

“ஐயா... அது பராமரிப்புக்கு எடுத்துட்டு வந்தது.”

“பொய்யி!” என்று காசியம்மாள் எழுந்தாள். “தவணை கட்டும்மான்னு சொன்னான். சாமின்னா தவணை கட்டும்மான்னான். பாவி, செருப்புக் காலோட வந்தான்!”

“அம்மா, உட்காருங்க.”

“நான் எதுக்கு உக்காரணும்? அவன உக்கார வெய்யுங்க!”

அவள் அடங்கியதும் ரேவதி இன்னொன்று கேட்டாள். இது பேச்சில் இல்லாதது.

“இந்தக் கல்லு மலையில இருந்து எடுத்ததான்னு கேளுங்க ஐயா.”

ராஜேந்திரன் வக்கீலைப் பார்த்தான். ஆமாம் என்றால் மலையில் கல் எடுத்ததற்கு வனத்துறை வரும். இல்லை என்றால் விளம்பரம் பொய். வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்தார். அதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

“மலையை மனசுல நெனைச்சு எடுத்த கல்லுங்க ஐயா.”

“எங்க எடுத்தது?”

“ஆத்துல.”

காசியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய முகம் போன போக்கை ரேவதி பார்த்தாள். அவள் கற்பூரம் காட்டியது ஆற்றுக் கூழாங்கல்லுக்கு.

முத்திரை வைத்து அனுப்பிய பொன்னியின் ஃபில்டருக்கும் சோதனை முடிவு முன்பு வந்ததைப் போலவே வந்தது. அது விற்பனைதான், தவணை விற்பனை, பொருள் குறையுள்ளது என்று தீர்ப்பானது. பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கிருமி நீக்கம் என்ற வாசகத்தை எடுத்துவிட வேண்டும். ராஜேந்திரன் ஒழுங்காகக் கீழ்ப்படிந்தான். டப்பாவிலிருந்து அந்த வாசகத்தை மட்டும் எடுத்துவிட்டு, மலைப் படத்தைப் பெரிதாக்கினான். வேறு ஊரில் நன்றாக ஓடியதாகக் கேள்வி. பிறகு மூட்டுவலிக்குக் கட்டில் விற்றான்.

பணம் வந்த நாளில் குழு மறுபடியும் ரேவதி வீட்டில் கூடியது. குமரேசன் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தான். தீர்ப்பை அவள் உரக்கப் படித்தாள். அப்போது பொன்னி கேட்டாள்.

“சரி யக்கா. இப்ப எந்த ஃபில்டர் வாங்கலாம்? நீ சொல்லு, வாங்கிடறோம்.”

“ஆமா” என்றாள் காசியம்மாள். “ரேவதி சொல்லட்டும். அது படிச்சது.”

ரேவதி இதற்காகத்தான் நாயாக அலைந்தாள். போன பேச்சு திரும்பி வந்துவிட்டது. அதே வார்த்தை, அதே குரல். ஆனால் இந்த முறை அது இனிக்கவில்லை. ராஜேந்திரனையும் இப்படித்தான் நம்பினார்கள், கற்பூரத்தையும் இப்படித்தான் நம்பினார்கள். அப்பா அவள் படத்துக்கு வைத்த குங்குமத்தைத்தான் இவர்கள் அவள் நெற்றிக்கு வைக்கிறார்கள். அதை இரவில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டு ரசித்தவளும் அவள்தானே! அவர்களை மூடக் கூட்டம் என்று சொல்ல அவளுக்கு எந்த யோக்கியதை?

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றாள் கோபமாக. “நான் சொன்னா விஷத்தையும் குடிப்பீங்களா? கொதிக்க வெச்சுக் குடிங்க. ஏதாச்சும் வாங்கினா ரசீதைப் படிங்க, இல்லன்னா படிக்கத் தெரிஞ்ச ஆளுகிட்டக் குடுத்துக் கேளுங்க. என்கிட்ட மட்டும் இல்ல, ரெண்டு பேர்கிட்டக் கேளுங்க. தண்ணி மேல சந்தேகம்னா சோதனைக்கூடத்துல பாட்டில் குடுப்பான். நீங்களே போய் வாங்கிட்டு வந்து, நீங்களே புடிச்சுக் குடுங்க.”

“கோச்சிக்கிச்சு பாரு” என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். குமரேசன் காபி டம்ளர்களைப் பொறுக்கினான்.

ஆனால் அடுத்த வாரம் காசியம்மாள் நிஜமாகவே போயிருந்தாள். தனியாக பஸ் ஏறி, சோதனைக்கூடத்தில் கேட்டு, பாட்டில் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கொடுக்கப் போகும் வழியில் ரேவதி வீட்டு வாசலில் நின்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். முகத்தில் அத்தனை பெருமை.

“நானே போயி, நானே வாங்கி, நானே புடிச்சேன். கையி மூடிக்கு உள்ள படாம புடிச்சேன்.”

ரேவதி பார்த்தாள். மூடியின் மேல் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

“இது இன்னா பெரியம்மா?”

“சோதனைக்குப் போவுது இல்ல? நல்லபடியா பாஸாவட்டும்னுதான்.”

ரேவதியின் கீழுதடு இடப்பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. பாதியில் நின்றது. அவள் பாட்டிலை வாங்கி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். முந்தானையால் அந்தப் பொட்டைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தும் லேசாகச் சிவப்பு நின்றுவிட்டது.

“போ பெரியம்மா. சீக்கிரம் குடுத்துடு. நேரமானா எடுத்துக்க மாட்டான்.”

காசியம்மாள் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“யார் அனுப்புச்சான்னு கேட்டா உன் பேரைச் சொல்லவா?”

“யாரும் அனுப்பல, நானே வந்தேன்னு சொல்லு” என்றாள் ரேவதி.

“அப்டிச் சொல்லச் சொல்லி ரேவதி சொல்லிச்சுன்னு சொல்லிடறேன்” என்று சொல்லிவிட்டுக் காசியம்மாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.